பதினான்கு பேருக்கு இடம்

தலைக்குள் பிரிண்டர் எதற்கு என்று நான் கேட்டதற்கு, கடையில் என்னோடு வேலை செய்யும் மெஹர் அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். நியாயமான கேள்விதான். மனித மண்டையில், காதுக்குப் பின்னால், எலும்பில் பதித்திருக்கும் ஒரு சிப்பில் பிரிண்டருக்கான நிரல்கள் மட்டும் நாற்பது எம்.பி. இருந்தன. கூடவே உலகத்திலுள்ள அத்தனை ஊர்களின் நேரக் கணக்கு, இருநூறு மொழிகளில் பிழைச் செய்திகள், யாருமே திறந்து படிக்காத உதவிப் பக்கங்கள். கம்பெனிக்காரன் எங்கோ கிடைத்த ஒரு முழு லினக்ஸ் இயங்குதளத்தை அப்படியே தூக்கி உள்ளே போட்டு, மேலே தன் பெயரை ஒட்டி விற்றிருந்தான். அவனுக்கென்ன, மனிதர்களையெல்லாம் தன்னுடைய சர்வரில் வைத்திருந்தான். சிப்பில் இடம் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன.

இப்போது அந்த சர்வரை மூடப்போகிறான். கம்பெனி நொடித்துவிட்டது. முப்பத்தொன்றாம் தேதி மாலை ஆறு மணிக்குமேல் சிப்புக்குள் யார் இருக்கிறார்களோ அவர்கள் மட்டும்தான்.

இது புரியவேண்டுமென்றால் அந்தக் காய்ச்சலைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆறு வருடத்துக்கு முன் வந்த மூளைக்காய்ச்சல், பிழைத்தவர்களிடமிருந்து ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு போனது. முகம் தெரியும், பெயர் தெரியும், குரல் தெரியும். நம்மவர் என்கிற உணர்வு மட்டும் வராது. பெற்ற மகளைப் பார்த்து, "அச்சு அசலா எம்பொண்ணு மாதிரியே இருக்கியே, யாரும்மா நீ?" என்பார்கள். மகளைப் போல வேஷம் கட்டிக்கொண்டு யாரோ வீட்டுக்குள் நடமாடுவதாகத் தோன்றும். சில வீடுகளில் கத்தியைத் தூக்கியிருக்கிறார்கள்.

சிப் கொடுத்தது அந்த உணர்வைத்தான். ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு ஃபோல்டர். மகள் எதிரே வந்தால் மகளுடைய ஃபோல்டர் திறக்கும், நெஞ்சில் பழைய பிரியம் வரும். ஓர் ஆளுக்கு நூற்று முப்பது எம்.பி. வரை ஆகிறது. சிப்பின் மொத்த இடம் இரண்டு ஜி.பி. பெரிய சிப் போடலாமே என்று கேட்பவர்களுக்கு, மண்டையைத் திறந்து முதலில் போட்ட டாக்டர்களே இன்னொரு முறை திறக்க மாட்டேன் என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்கள்.

கம்பெனி போட்ட லினக்ஸே ஆயிரத்து இருநூறு எம்.பி. சாப்பிட்டது. அதை வைத்துக்கொண்டால் மீதி இடத்தில் ஆறு பேர்தான். ஒரு மனிதனுக்கு வாழ்க்கை முழுக்க ஆறு பேர்.

திருச்சி புத்தூர் நால்ரோட்டில் மருந்துக்கடைக்கு மேல் மாடியில், இந்த சிப்புகளுக்கு நிரல் ஏற்றிக் கொடுக்கும் எங்கள் கடை. நானும் மெஹருன்னிசாவும் மூன்று வாரம் அந்த லினக்ஸைப் பிரித்துப் போட்டோம். பிரிண்டர் போனது. மொழிகளில் தமிழைத் தவிர எல்லாம் போனது. எந்தக் கருவியோடெல்லாம் பேசவேண்டுமோ அதற்கு மட்டும் பேசுகிற மாதிரி அதன் உட்கருவான கர்னலை நானே புதிதாகக் கட்டினேன். பன்னிரண்டு பேருக்கு இடம் வந்ததும் மெஹர் போதும் என்றாள். நான் விடவில்லை. கடைசி இரண்டு இடத்துக்காக எட்டு நாள், ஒவ்வொரு நிரலாகக் கழற்றி, எது இல்லாவிட்டாலும் ஓடுகிறது என்று பார்த்துப் பார்த்து வெளியே எறிந்தேன். நூற்று எண்பது எம்.பி.யில் நின்றது. பதினான்கு பேர்.

அந்த எட்டு நாள் உழைப்பு ஊருக்காக என்று மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டேன். அது என் வீட்டுக்காரர் தினகரனுக்காக. அவர் தலையிலும் அந்த சிப் இருந்தது.

ஊரில் எங்களைப் போன்ற நிறுவுநர்கள் எல்லாரும் கூடி இரண்டு விதிகள் போட்டிருந்தோம். முதலாவது, பதினான்கு பேர் யார் என்பதை சிப் உள்ளவரே தனியாக எழுதி, உறையில் ஒட்டித் தரவேண்டும். நிறுவுகிறவரைத் தவிர யாரும் பார்க்கக் கூடாது, வேலை முடிந்ததும் கிழித்துப் போட்டுவிட வேண்டும். இரண்டாவது, நிறுவுகிறவர் தன் சொந்தக்காரர்களுக்குக் கை வைக்கக் கூடாது. இரண்டாவது விதியை முன்மொழிந்தவள் நான். ரொம்பப் பெருமையாக, மைக் பிடித்து.

விதி போட்டது நல்லதாகப் போயிற்று. அந்த மாதம் நாங்கள் பார்த்த கூத்து கொஞ்சமில்லை. ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் பதினான்கு பழைய மாணவர்களின் பெயரை எழுதிக் கொடுத்தார். அவருடைய இரண்டு பிள்ளைகளும் வெளியே பெஞ்சில், யாருக்கு எத்தனாவது இடம் என்று பந்தயம் கட்டிக்கொண்டிருந்தார்கள். நகைக்கடை அம்மா ஒருவர் மூத்த மருமகளை எழுதி, அடித்து, மறுபடி எழுதி, மறுபடி அடித்திருந்தார். காகிதமே கிழிந்துவிட்டது. உறையில் என்ன இருந்தால் என்ன, விட்டுப்போனவர்களுக்கு மறுநாளே தெரிந்துவிடும். காலையில் காபி கொண்டுபோய் நீட்டும்போது தெரிந்துவிடும்.

எனக்கு அந்தக் கவலை இருக்கவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

எங்களுக்குக் கல்யாணமாகிப் பத்தொன்பது வருடம். முதல் பதினான்கு வருடம் தினகரன் வீட்டில் பேசிய வார்த்தைகளை ஒரு நோட்டில் எழுதினால் பாதி நோட்டு மிச்சமிருக்கும். கெட்டவர் இல்லை. ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை முடிந்ததும் லூர்துவோடு காவிரிப் பாலத்துக்குப் போய்விடுவார். பாலத்து நடைபாதையில் உட்கார்ந்து கடலையைக் கொறித்துக்கொண்டு இரண்டு பேரும் ஒன்பது மணிவரை அப்படி என்ன பேசுவார்களோ. பாலிடெக்னிக் ஹாஸ்டலில் ஒரே அறையில் படுத்து வளர்ந்த சிநேகிதம். வீட்டுக்கு வந்தால் சாப்பாடு, டி.வி., தூக்கம். பேச்செல்லாம் பாலத்திலேயே தீர்ந்திருக்கும்.

பிறகு லூர்து மஸ்கட்டில் துறைமுக வேலைக்குப் போனார். அதே வருடம் இவருக்குக் காய்ச்சல் வந்தது. எட்டு மாதம் என்னை யாரோ என்று பார்த்தார். நான் வைத்த சாப்பாட்டை முகர்ந்து பார்த்துவிட்டுச் சாப்பிட்டார். சிப் வைத்த அன்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து என்னைப் பார்த்தார் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பை நான் அவர் முகத்தில் கல்யாண ஃபோட்டோவில்கூடப் பார்த்ததில்லை.

அன்றிலிருந்து அவர் வேறு ஆள். சாயங்காலமானால் என்னைப் பாலத்துக்குக் கூட்டிப்போனார். ஃபோர்மேனைத் திட்டினார், கிரிக்கெட் பேசினார், என் வேலையைப் பற்றிக் கேட்டார், என் பதிலைக் கேலி செய்தார். ஒருமுறை பேச்சு வேகத்தில் என்னை "மாப்ள" என்றுகூடச் சொல்லிவிட்டார். இரண்டு பேரும் பாலத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். நாற்பது வயதுக்குமேல் எனக்கு ஒரு துணை கிடைத்தது. அந்தக் காய்ச்சலுக்கு நான் மனசுக்குள் நன்றி சொல்லியிருக்கிறேன். எத்தனை வீட்டைக் கெடுத்த காய்ச்சல் அது, அதற்குப் போய் நன்றி.

முப்பத்தொன்றாம் தேதி மாலை நான்கு மணிக்குக் கடை வாசலில், மாடிப்படியில், கீழே மருந்துக்கடை வரைக்கும் ஆட்கள். தினகரனுக்கு மெஹர்தான் செய்ய வேண்டும். ஐந்து வருடத்துக்கு முன் ஆஸ்பத்திரியில் அவருக்கு முதலில் நிறுவியதும் அவள்தான், அப்போது கம்பெனியில் இருந்தாள். எங்கள் பழக்கமே அப்படி ஆரம்பித்ததுதான். ஆனால் அன்று அவள் கையில் ஒரு சிப் பாதியில் மக்கர் செய்துகொண்டிருந்தது, வரிசையில் இன்னும் ஒன்பது பேர். தினகரன் உள் அறையில் நாற்காலியில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய உறை மெஹரின் மேஜையில் இருந்தது. நான் எடுத்தேன்.

"அக்கா, அந்தக் கவர வைங்க. நான் வந்துர்றேன்."

"மணி நாலாச்சு. நீ எப்ப வருவ?"

"அஞ்சே நிமிஷம். ரூலு போட்டதே நீங்கதானக்கா."

"ரூலு போட்டவளுக்கு ஆறு மணிக்கு வீட்டுக்காரர் வேணும்."

அவள் எழுந்தே விட்டாள். முகம் ஒருமாதிரி ஆகிவிட்டது. விதிக்காகப் பதறுகிறாள் என்று நினைத்துக்கொண்டு நான் உறையைப் பிரித்தேன்.

முதல் பெயர் லூர்து. அடுத்து எங்கள் மகள் ஓவியா, தினகரனின் தங்கை, தங்கை வீட்டுக்காரர், தங்கை பிள்ளைகள் இரண்டு பேர், ஒர்க்‌ஷாப் ஆட்கள் நான்கு பேர், சித்தப்பா, பக்கத்து வீட்டு வாத்தியார், முடிவெட்டுகிற நாகு, டீக்கடை மாணிக்கம். பதினான்கு. மறுபடி எண்ணினேன். காகிதத்தைத் திருப்பிப் பார்த்தேன், பின்பக்கம் எழுதியிருப்பாரோ என்று. டீக்கடை மாணிக்கத்துக்கு நூற்று முப்பது எம்.பி. உண்டு. எனக்கு இல்லை.

மெஹர் என் கையைப் பிடித்துப் பின்னாலிருந்த ஸ்டோர் அறைக்குள் இழுத்துப்போய்க் கதவைச் சாத்தினாள்.

"உங்க பேரு எழுத வேண்டியதில்லக்கா. லூர்து உள்ள இருந்தா நீங்களும் இருப்பீங்க."

"அதெப்படி?"

"அவரோட சிப்புல உங்க ஃபோல்டரத் தொறந்து பாருங்க."

கையிலிருந்த டேப்லெட்டில் பார்த்தேன். என் பெயரில் ஃபோல்டரே இல்லை. ஒரு சுட்டி இருந்தது. சௌமியா என்று எழுதி, ஓர் அம்புக்குறி போட்டு, லூர்து. சுட்டி என்பது, பூட்டிய வீட்டுக் கதவில் 'பக்கத்து வீட்டில் விசாரிக்கவும்' என்று எழுதி ஒட்டியிருப்பது மாதிரி. உள்ளே ஆள் கிடையாது. என்னைப் பார்த்ததும் சிப் என் பெயரைத் தட்டும், அங்கிருந்து லூர்துவின் ஃபோல்டருக்குப் போகும், லூர்துவின் பிரியத்தை எடுத்து அவர் நெஞ்சில் ஊற்றும். ஐந்து வருடமாக.

"யாரு வெச்சது இத?"

"நான்தான்."

"ஏன்?"

மெஹர் துப்பட்டா நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தாள். "அன்னிக்கு ஆஸ்பத்திரியில ஒவ்வொருத்தர் ஃபோட்டோவா காமிச்சு, இவங்கள நெனச்சுக்கங்கன்னு சொன்னேன். மூளையில பழைய பிரியம் எங்கயாவது பதிஞ்சிருந்தா ஸ்கிரீன்ல கோடு எழும்பும். அதத்தான் எடுத்து ஃபோல்டராக்குவோம். உங்களுக்கு எழும்பலக்கா."

"காய்ச்சல்ல அழிஞ்சிருக்கும்."

"காய்ச்சல் அத அழிக்காது. வெளிய வர்ற வழியத்தான் அடைக்கும். மத்தவங்களுக்கெல்லாம் எழும்புச்சு. கேன்டீன் மாஸ்டருக்குக்கூட எழும்புச்சு. உங்களுக்கு மூணு தடவ பாத்தேன்."

டேப்லெட்டில் அந்த அம்புக்குறியை மறுபடி தொட்டுப் பார்த்தேன்.

"நீங்க கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னு பாத்துட்டே இருந்தீங்க. உங்ககிட்ட வந்து என்னன்னு சொல்லுவேன்? அவருகிட்ட சொன்னேன். இப்படியே விட்டா வீட்டுல ஒரு வேத்தாளோட இருக்கற மாதிரிதான் இருக்கும், வேணும்னா வேற யாரோடதையாவது அவங்களுக்கு இணைச்சு விடலாம்னேன். யாரோடதுன்னு கேட்டாரு. உங்களுக்கு யாரு இஷ்டமோன்னேன்."

"லூர்துன்னு சொன்னாரா?"

"யோசிக்கவே இல்லக்கா."

ஐந்து வருடமாக நானும் அவளும் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டிருக்கிறோம். பாலத்தில் அவர் என்ன சொன்னார், எப்படிச் சிரித்தார் என்று நான் அவளிடம் வந்து கதை கதையாகச் சொல்லியிருக்கிறேன். கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பாள். கேட்டுவிட்டு, "குடுத்து வெச்சவங்கக்கா நீங்க" என்பாள். அந்த ஸ்டோர் அறையில் எனக்கு அவளை அறைய வேண்டும்போல இருந்தது. தினகரனைவிட அவள்மேல்தான் அப்போது ஆத்திரமாக வந்தது. அவராவது ஒன்றும் தோன்றாததை ஒன்றும் தோன்றவில்லை என்று சொன்னார்.

"போயி வரிசையப் பாரு," என்றேன். "இவர நான் முடிச்சுக்கறேன்."

"லிஸ்ட்ல இருக்கறபடியே போடுங்கக்கா. அப்படியே விட்டுட்டா ஒண்ணும் மாறாது. நீங்க பாட்டுக்கு இருக்கலாம்."

உள் அறைக்குப் போய் தினகரனின் சிப்பை அணைத்தேன். நிறுவும்போது அணைத்துத்தான் ஆக வேண்டும்; அணைந்திருந்த நேரத்தில் பேசியது எதுவும் மறுபடி இயக்கியதும் நினைவில் நிற்காது. அணைந்ததும் அவர் நாற்காலியில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். சட்டைக் காலரைச் சரிசெய்தார். புது ஆள் எதிரில் உட்காருகிற மாதிரி.

"சௌமியா மாதிரியே இருக்கீங்க," என்றார் மரியாதையாக. "ஆஃப்ல இருந்தா இப்படித்தான் இருக்கும்னு சொன்னாங்க. தப்பா எடுத்துக்காதீங்க."

எனக்கும் கேட்க ஒரு வழி கிடைத்தது. "உங்க லிஸ்டப் பாத்தேன் சார். உங்க வீட்டுக்காரம்மா பேரு இல்லையே."

"அது தேவையில்ல. லூர்து இருக்கான்ல. உங்க கூட இருக்கற அந்தப் பொண்ணுக்குத் தெரியும்."

"தெரியும். சொன்னாங்க. இருந்தாலும் அவங்களுக்குன்னு தனியா ஒண்ணு இப்ப எடுத்து வெச்சுக்கலாமே. அஞ்சு வருஷம் ஆச்சு."

"எதுக்கு ஒரு எடத்த வீணாக்கணும்?"

அவர் குரலில் வெறுப்பு இல்லை, கேலி இல்லை. சட்டையில் இன்னொரு பாக்கெட் எதற்கு என்கிற மாதிரி சொன்னார்.

"அவங்கள உங்களுக்குப் பிடிக்காதா?"

"சேச்சே. நல்லவங்க. ஒரு குறை சொல்ல முடியாது. என்ன சொல்றது..." விட்டத்தைப் பார்த்தார். "வீட்டுல ஃபேன் ஓடுது. ஓடுதுன்னு நெனச்சுக்கிட்டா இருக்கோம்? அப்படித்தான் இருந்துச்சு. இப்ப அவங்ககூடப் பேசாம ஒரு நாள் இருக்க முடியல. ஆனா அது லூர்துவுக்கு உள்ளது. பேசிக்கிட்டே இருக்கறப்பவே எனக்குத் தெரியும், இது அவனுக்கு உள்ளதுன்னு. அவன் ஊர்ல இல்ல, இவங்க இருக்காங்க. என்னமோ ஓடுது."

"அவங்களுக்கு இது தெரியுமா?"

"தெரிஞ்சா தாங்கமாட்டாங்க." முன்னால் குனிந்து குரலைத் தாழ்த்தினார். "நீங்களும் சொல்லிடாதீங்க."

சொல்ல மாட்டேன் என்றேன்.

பழைய லினக்ஸை அழித்தேன். என்னுடைய சிறிய லினக்ஸை ஏற்றினேன். சர்வரிலிருந்து ஃபோல்டர்கள் ஒவ்வொன்றாக இறங்க ஆரம்பித்தன. லூர்துவின் ஃபோல்டர் இறங்கியபோது அதைத் திறந்து பார்த்தேன். நிறுவுகிறவர்கள் செய்யக்கூடாத இன்னொரு காரியம் அது. அன்று நான் எதைத்தான் செய்யவில்லை.

ஆஸ்பத்திரியில் எடுத்தபோது அது தொண்ணூறு எம்.பி. இப்போது நூற்று முப்பது. நாற்பது எம்.பி. பிற்பாடு சேர்ந்திருக்கிறது. பிரியம் புதிதாக ஏற ஏற சிப் தேதி போட்டு எழுதிவைக்கும். தேதிகளைப் பார்த்தேன். என் அப்பா செத்த அன்று சுடுகாட்டிலிருந்து திரும்பி வந்து அவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ராத்திரி இருந்தது. பாலத்தில் மழை பிடித்துக்கொண்டு ஒரே குடைக்குள் நடந்த நாள் இருந்தது. ஓவியாவைப் பெங்களூரில் விட்டுவிட்டு பஸ்ஸில் இரண்டு பேரும் அழுதுகொண்டு வந்த நாள் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மஸ்கட்டிலிருந்து வரும் ஃபோனுக்கும் கொஞ்சம் கொஞ்சம் எழுதியிருந்தது. ஆனால் பெரும்பாலும் நான். எல்லாம் நான் சம்பாதித்தது. எல்லாம் லூர்து பெயரில் ஏறியிருந்தது.

என் நாற்பதை மட்டும் பிரித்து எடுக்க முடியுமா என்று பார்த்தேன். முடியாது. ஒவ்வொன்றும் முந்தியதன்மேல் எழுதியது. அடியிலிருக்கும் தொண்ணூறை உருவினால் மேலிருப்பது நிற்காது.

எனக்கு முன்னால் என்னென்ன வழி இருந்தது என்று பிறகு நிறைய யோசித்துவிட்டேன். மெஹர் சொன்னபடி அப்படியே விட்டிருக்கலாம். அல்லது ஃபோல்டரை இரண்டாகப் பிரதி எடுத்து, ஒன்று லூர்துவுக்கு, ஒன்று எனக்கு என்று வைத்திருக்கலாம். அதற்கு ஓர் ஆளின் இடம் வேண்டும். தினகரனைக் கேட்டிருந்தால் யாராவது ஒருவரை விட்டுக் கொடுத்திருப்பார். கேட்டிருந்தால். எதிரில் உட்கார்ந்திருந்த அந்த மரியாதையான மனிதரிடம், என் புருஷன் நெஞ்சில் எனக்கு டீக்கடைக்காரரின் இடத்தைத் தாருங்கள் என்று கேட்க என் வாய் வரவில்லை. என் கணவருக்கு இன்னும் இரண்டு பேர் கூடுதலாகக் கிடைக்கட்டும் என்று எட்டு நாள் உழைத்தவள் நான். அந்த இரண்டிலும் நான் இல்லை.

சுட்டியை அழித்தேன். லூர்து என்ற ஃபோல்டரின் பெயரை சௌமியா என்று மாற்றினேன். லூர்துவின் முகமும் குரலும் அதைத் திறக்காதபடி அழித்துவிட்டு, என்னுடையதை மட்டும் விட்டேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஒரு எம்.பி. இடமும் கூடவில்லை, குறையவில்லை. ஃபோல்டர்களை எண்ணினால் பதினான்கு.

ஏன் லூர்துவை எடுத்தேன் என்று கேட்டால் காரணம் கோபம்தான். வேறு எது சொன்னாலும் பொய்.

ஐந்தேகாலுக்கு சிப்பை இயக்கினேன். தினகரன் கண்ணைக் கசக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். அதே சிரிப்பு. என் பெயரில் வந்த முதல் சிரிப்பு அது, எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

"முடிஞ்சுதா? வா, பாலத்துக்குப் போவோம்," என்றார்.

வெளியே மெஹர் என் கையைப் பார்த்தாள். "லிஸ்ட்ல இருந்தபடிதானக்கா?"

"ஆமா," என்று சொல்லி உறையைக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டேன். அதற்குப் பிறகு நான் அவளோடு சாப்பிடவில்லை. தனியாக டிபன் கொண்டுபோகிறேன். அவளும் ஏன் என்று கேட்கவில்லை.

முதல் ஞாயிறு லூர்துவின் ஃபோன் வந்தது. தினகரன் எடுத்து, கேட்டு, முகத்தைச் சுளித்து வைத்துவிட்டார். "எவனோ லூர்து குரல்ல பேசுறான். இப்பல்லாம் குரலக்கூட செஞ்சுடறானுங்க. அக்கவுண்ட் நம்பர் கேக்கறதுக்கு முன்னாடி கட் பண்ணிட்டேன்." நல்லதாகப் போயிற்று என்றேன். அடுத்த ஞாயிறும் அதே மாதிரி. மூன்றாவது ஞாயிறு அவர் எடுக்கவே இல்லை. எடுக்காமல் ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நெஜ லூர்து ஏன் கூப்பிடவே மாட்டேங்குறான்?" என்று என்னிடம் கேட்டார். வேலை அதிகமாக இருக்கும் என்றேன். அதன்பிறகு ஒவ்வொரு ஞாயிறும் காலையிலேயே குளித்துவிட்டு ஹாலில் வந்து உட்காருவார். அன்று மட்டும் மீன் வாங்கிக் குழம்பு வைப்பேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அழைப்பு மணி அடித்தது. தினகரன்தான் போய்த் திறந்தார். நான் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தேன். லூர்து நின்றுகொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, கையில் ஒரு பையோடு, முகமெல்லாம் சிரிப்பாக நின்றார்.

"டேய் தினா. ஃபோன எடுக்க மாட்டியாடா நீ? என்ன ஆச்சோன்னு லீவ போட்டுட்டு ஓடி வரேன்."

தினகரன் அவரை மேலும் கீழும் பார்த்தார். ஒரு கையைக் கதவிலேயே வைத்துக்கொண்டார். பிறகு, "கொஞ்சம் இருங்க சார்," என்று சொல்லிவிட்டு உள்ளே என்னிடம் வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"அவன மாதிரியே ஒருத்தன் வந்து நிக்கறான். நெத்தித் தழும்புகூட அப்படியே இருக்கு."

நான் அடுப்பை அணைத்தேன்.

"லூர்து பேர மொதப் பேரா எழுதினேன் சௌமி. நீதான போட்ட? அவன் உள்ள இருக்கான்ல?"

"இருக்காரு," என்றேன்.

"அப்ப இவன் அவன் இல்ல. அவனா இருந்தா எனக்குத் தெரியாதா?" என் தோளைப் பிடித்துக்கொண்டார். "நீயே ஏதாவது சொல்லி அனுப்பிடு. எனக்குப் பயமா இருக்கு."

அவரைக் கட்டிலில் உட்கார வைத்துவிட்டு வாசலுக்குப் போனேன். லூர்து அதே இடத்தில் நின்றார். சிரிப்பு போயிருந்தது. உள்ளே பேசியது கேட்டிருக்காது, ஆனால் கதவில் கை வைத்துக்கொண்டு 'சார்' என்றது போதும். மஸ்கட்டிலும் அந்த சிப் உள்ளவர்கள் இருக்கிறார்கள். லிஸ்ட் எழுதுவதைப் பற்றி எல்லாருக்கும் தெரியும்.

பையைக் கீழே வைக்காமலேயே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார். "அவன் என் பேர எழுதலியா தங்கச்சி?"

முதல் பெயரே நீங்கள்தான் என்று சொல்ல ஒரு நொடி போதும். கடைக்குக் கூட்டிப்போய் அவர் முகத்தையும் குரலையும் மறுபடி பதிந்து சரிசெய்ய அரை மணி நேரம். சரிசெய்தால் நான் திரும்பவும் ஓர் அம்புக்குறி. இல்லாவிட்டால் தினகரனிடம் எல்லாவற்றையும் சொல்லி, யாரையாவது விடச் சொல்லிக் கேட்க வேண்டும். உள்ளேயிருந்து அவர், "போயிட்டானா?" என்று கூப்பிட்டார்.

"எடம் பத்தலண்ணே," என்றேன்.

லூர்து சரி என்று தலையாட்டினார். பையை என் கையில் கொடுத்துவிட்டு, குனிந்து செருப்பைப் போட்டுக்கொண்டு படியிறங்கினார்.